தரையில் எண்ணெய்ச் சொட்டு... கசிவது எங்கே?

பால் சொசைட்டிக்குப் போய் வந்த வண்டியைத் திண்ணையோரம் நிறுத்துகிறார்கள். சாயங்காலம் பார்த்தால் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக எண்ணெய். ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று கீழே ஒரு அட்டையைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதே பல வீடுகளில் வழக்கம்.

சொட்டு சிறியதுதான். ஆனால், 1994-ல் வந்து இன்றும் கிராமத்துச் சாலைகளில் ஓடும் ஸ்பிளெண்டர் போன்ற 100 சி.சி வண்டிகளின் இன்ஜினில் இருப்பதே சுமார் ஒரு லிட்டர் ஆயில். பிஸ்டன், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அந்த ஆயில்தான். அது குறைந்த நிலையில் பால் கேன் பாரத்தோடு மேடு ஏறினால், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஆயில் சீலோடு முடிய வேண்டிய செலவு, போர் வேலை வரை இழுத்துவிடும். வண்டி பட்டறையில் கிடக்கும் நாள்களில் பாலைக் கொண்டுபோக வழியிருக்காது.

சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றல்ல. மேலே டாப்பெட் மூடியில் கசியும் ஆயில், ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, அடியில் டிரைன் போல்ட்டில் வந்து சொட்டும். அதைப் பார்த்து டிரைன் போல்ட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்கினால் அலுமினிய மரைதான் போகும். முதலில், இன்ஜின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அதுதான் இடம். சங்கிலிக்குப் போட்ட எண்ணெய் தெறிப்பதைக்கூட இன்ஜின் கசிவு என்று நினைப்பவர்கள் உண்டு.

பழைய வண்டிகளில் அதிகம் கசிவது இடது பக்கம் கியர் ஷாஃப்ட் சீலும், முன் சக்கரப்பல் இருக்கும் ஷாஃப்ட்டின் சீலும். சூட்டில் ரப்பர் காய்ந்து விறைத்துவிடுகிறது. பழைய சீலை நெம்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் புதுசும் கசியும். புது சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே இருக்கும்படி, சரிசமமாக அழுத்த வேண்டும்.

வலது பக்கம் கிளட்ச் மூடியில் கசிந்தால் பேக்கிங்கை மாற்ற வேண்டும். பழைய காகிதத்தைக் கத்தியால் சுரண்டாமல், மண்ணெண்ணெயில் ஊறவிட்டு எடுப்பது நல்லது. மேலுக்கு எம்சீல் அப்புவது வீண் வேலை. உள்ளே பேஸ்ட்டை அள்ளித் தடவுவது அதைவிடக் கெடுதல். பிதுங்கிய துண்டுகள் ஆயில் சல்லடையை அடைத்துவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். டிரைன் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர்.

சீல் மாற்றிய பிறகும் ஒரே மாதத்தில் கசிந்தால் பிரீதர் குழாயைப் பார்க்க வேண்டும். சேறு அடைத்தோ, மடங்கியோ இருந்தால், உள்ளே சேரும் அழுத்தம் பலவீனமான சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். குழாய் சரியாக இருந்து, சைலன்ஸரில் நீலப் புகையும் வந்தால், பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

அதுவரை வாரம் ஒருமுறை அளவு பார்ப்பதை விடக் கூடாது. சமதரையில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து அளவுக்குச்சியைத் துடைத்து, மரையைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். கசிகிறதே என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் கசிவு கூடும். டப்பாவில் ‘எம்.ஏ’ குறி இருக்கும் ஆயிலையே வாங்கலாம். கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும்.

வடித்த ஆயிலையும் கழுவிய மண்ணெண்ணெயையும் கிணற்றடியிலோ வரப்பிலோ கொட்டக் கூடாது. மாட்டு உண்ணிக்குத் தடவும் பழக்கமும் வேண்டாம், தோல் புண்ணாகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பட்டறையில் கொடுத்துவிடலாம்.