துயிலும் யந்திரங்கள் – 9: சீரகம் அளவு ஸ்படிகம்

பாவகடா தாலுகாவின் சென்னகேசவபுரத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் லோசான் நகரத்து ஆராய்ச்சியாளரும் மானாவாரி நிலத்தின் ஈரத்தை அறியக் கம்பியில்லாச் சென்சார்களை நாட்டிய கதையோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அது வாசகர் நினைவில் இருக்கும். அத்தகைய கருவிகளுக்குள் தலைமைப் பொறுப்பு எவ்வாறு முறைவைத்துச் சுழல்கிறது என்பதை இந்த வாரம் விளக்குவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை, சூளகிரிப் பேருந்து நிலையத்தருகே உள்ள ஒரு வாட்ச் கடையில், நின்றுபோன என் கடிகாரத்துக்குச் செல் மாற்றப் போன இடத்தில் நான் கண்ட ஒரு சிறு பொருள் என் சிந்தையை முழுவதும் ஆட்கொண்டுவிட்டபடியால், அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

கடைக்காரப் பெரியவர் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, சாமண நுனியால் ஓர் உலோகக் குழலைச் சுட்டிக் காட்டினார். ஒரு சீரகத்தின் அளவே இருந்தது. “இதுதான் சார் உசிரு. மத்ததெல்லாம் இது போடற தாளத்துக்கு ஆடுது” என்றார்.

அந்தக் குழலுக்குள் கவட்டை வடிவில் அறுத்தெடுத்த ஒரு ஸ்படிகத் துண்டு இருக்கிறது. அழுத்தினால் மின்சாரத்தைப் பிறப்பிப்பதும், மின்சாரத்தைச் செலுத்தினால் உருவம் நெளிவதும் ஸ்படிகத்தின் இயல்பு. 1880-ல் பிரான்ஸ் தேசத்துக் கியூரி சகோதரர்கள் அழுத்தத்தில் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள், மறுபாதி அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. இந்தக் கவட்டை விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதென்ன எண் என்று கேட்பவர்கள் அதைப் பாதியாக்கிப் பார்க்கட்டும், மீண்டும் பாதியாக்கட்டும், இவ்வாறு பதினைந்து முறை பாதியாக்கினால் மிச்சம் எதுவுமின்றி ஒன்று வந்து நிற்கும். அந்த ஒன்றே விநாடி முள்ளின் ஓர் அடி! அதிர்வு இதற்கு மிகவும் குறைந்தால் ஸ்படிகம் பெரிதாகிவிடும், ஓசையும் காதில் விழும். மிகவும் கூடினாலோ எண்ணுகிற சுற்று மின்சாரத்தை அதிகமாக உண்ணும். 1969 டிசம்பர் 25-ல் ஜப்பானில் வெளிவந்த ஸெய்க்கோ ஆஸ்ட்ரான் என்ற முதல் ஸ்படிகக் கைக்கடிகாரத்தில் இந்த எண் 8,192. அதாவது பதின்மூன்று பாதிகள். டிட்கோவும் டாட்டா குழுமமும் கூட்டாக 1984-ல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம், நமக்கு அண்மையிலுள்ள ஓசூரில் தன் தொழிற்சாலையை நிறுவி, சாவி கொடுக்கும் கடிகாரத்துக்குப் பழகியிருந்த தேசத்தின் மணிக்கட்டுகளில் ஸ்படிகத்தைக் கட்டிவிட்டது.

இதற்கும் நம் தொடருக்கும் என்ன சம்பந்தம்? வயலிலோ தொழிற்சாலையிலோ உறங்கும் சென்சார், தன் மூளையையும் ரேடியோவையும் அணைத்துவிட்ட பிறகும் விழித்திருக்க விடுகிற ஒரே பகுதி, பெரும்பாலும் இதே 32,768 அதிர்வுக் கவட்டைதான். சென்சார் வலைகளில் பிரசித்தி பெற்ற ஸிஸி2420 என்ற ரேடியோச் சில்லு பேசும்போது 17.4 மில்லி ஆம்பியரும், கேட்கும்போது அதனினும் மிகுதியாக 18.8 மில்லி ஆம்பியரும் உண்கிறது. 2,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரியைக் கொடுத்து இடைவிடாமல் கேட்டிரு என்று விட்டால், ஐந்தரை நாளில் பேட்டரி தீர்ந்துபோகும். நூற்றில் ஒரு பங்கு நேரமே விழித்திருந்தால் ஒன்றரை ஆண்டு தாங்கும். எப்பொழுது விழிப்பது என்று பேசுபவரும் கேட்பவரும் முன்னதாகவே உடன்படுவார்களாயின், அதற்கும் மேலே போகலாம்.

அந்த உடன்பாட்டில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. என் மாமா சூளகிரிச் சந்தைக்குக் கொத்தமல்லி அனுப்பிய காலத்தில், விடியற்காலை நான்கு மணிக்கு லாரி வரும் என்பது பேச்சு. வீட்டுக் கடிகாரமும் லாரிக்காரர் கடிகாரமும் ஒத்துப்போனதில்லை ஆகையால், தவறவிட்டால் ஒரு நாள் அறுவடை வாடிப்போகுமே என்று அஞ்சி, மூன்றரை மணிக்கே கட்டுகளோடு சாலையோரப் பனியில் நின்றுகொண்டிருப்பார். கட்டுகளை ஏற்றச் செல்லும் நேரம் ஐந்து நிமிஷம்; நின்ற நேரம் அரை மணி. அவரை அயரச் செய்தது சுமையன்று, காத்திருப்பு.

சென்சாரின் நிலையும் அப்படியே. சாதாரண ஸ்படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகக்கூடியது. நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் விநாடி. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் இருவருக்கும் இடையே மணிக்கு 144 மில்லி விநாடி வேற்றுமை விழும். ஆகவே மணிக்கு ஒருமுறை செய்தி பெற வேண்டிய சென்சார், 144 மில்லி விநாடி முன்னதாகவே விழித்துச் செவியைத் திறந்து வைக்க வேண்டும். வரப்போகும் செய்தியோ, மிக நீண்டதாக இருந்தாலும், நான்கு மில்லி விநாடியில் முடிந்துவிடும்! செலவில் முப்பத்தேழில் முப்பத்தாறு பங்கு வெறும் காத்திருப்புக்கே போகிறது. போதாக்குறைக்கு, ஸ்படிகம் வெப்பத்தாலும் பிசகும்: 25 டிகிரியில் நேராக ஓடுகிற கவட்டை, ஓசூர்ப் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்களின் உச்சி வெயிலில் 45 டிகிரியை எட்டினால், நாளுக்கு ஒரு விநாடிக்கும் மேலாகப் பின்தங்கும்.

இதற்குப் பரிகாரம், விலையுயர்ந்த கடிகாரம் வாங்குவதன்று. ஒவ்வொரு செய்தி வரும்போதும், எதிர்பார்த்த கணத்துக்கு அது எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று குறித்துக்கொண்டு, அண்டைக் கருவியின் போக்கை அறிந்து அடுத்த விழிப்பைத் திருத்திக்கொள்வதே. அப்படி இருவருக்கும் இடையிலான பிசகைப் பத்து லட்சத்தில் இரண்டாகக் குறைத்துவிட்டால், 144 மில்லி விநாடி ஏழாகச் சுருங்குகிறது. மின்சிக்கனம் என்றால் குரலைத் தாழ்த்துவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒருவர் நேரத்தை மற்றவர் அறிந்திருப்பதே அதில் தலையாய பங்கு என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தலைமைச் சுழற்சி அடுத்த வாரத்துக்குப் போகிறது. 2000-ல் வெண்டி ஹைன்ஸல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவர் வெளியிட்ட லீச் என்ற முறையில், நூறு சென்சார்களில் ஏறத்தாழ ஐந்து தலைமை ஏற்கும். ஒரு சுற்று முடிந்ததும் அந்தச் சுமை வேறு ஐவர் தோளுக்கு மாறும். சுற்று எந்தக் கணத்தில் முடிகிறது என்பதில் நூறும் ஒருமனப்பட்டிருந்தாலன்றி அம்முறை ஒரு நாளும் நடவாது. ஆதலால்தான் சீரகத்தை முதலில் சொன்னேன்.

(தொடரும்)