டிரவுட் மீனும் ஏரியூர்க் குளமும்

ஏரியூரை அடுத்த பட்டாதாரர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்து, தமது குளத்தில் டிரவுட் மீன் வளர்க்கலாகுமா என வினவினார். குஞ்சு தருவதாகச் சொன்ன தரகருக்கு முன்பணம் கொடுக்கும் பொருட்டு, வீட்டிலுள்ள நகையை அடகு வைக்கவும் அவர் ஆயத்தமாயிருந்தார். பிறருக்கும் இவ்வெண்ணம் உண்டென்று கேள்வியுற்றமையால் விஷயத்தை இங்கு விவரிக்கின்றேன்.

வானவில் டிரவுட் எனப்படும் இம்மீனின் பூர்வ இருப்பிடம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையும் கம்சட்காவுமாம். உடலில் கரும்புள்ளிகளும் விலாவில் இளஞ்சிவப்புப் பட்டையும் உடையது. பூச்சிகளையும் சிறு மீன்களையும் உண்பது. நீலகிரிக்கு டிரவுட்டைக் கொணர 1863-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்பார் முயன்றும் கைகூடவில்லை. பின்னர் எச். சி. வில்ஸன் என்பாரின் முயற்சியால் 1907-ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டது. அம்மலை ஓடைகளில் இம்மீன் நிலைபெற்றது.

நீரின் குளிர்ச்சியே இதற்குக் காரணம். 10 முதல் 16 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள நீர் இதற்கு உகந்தது. 20-ஐக் கடந்தால் இரை எடுப்பது குறையும். 25-க்கு மேல் நீடித்தால் உயிர் தங்குவது அரிது. உஷ்ணம் ஏற ஏற நீரில் கரைந்துள்ள பிராணவாயுவும் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் மூச்சின் தேவை மிகும். வரவு சுருங்கிச் செலவு பெருகிய குடும்பத்தின் கதைதான்!

முட்டையிடுவதற்கும் தேங்கிய நீர் உதவாது. பெண்மீன் ஓடையின் அடியிலுள்ள பருக்கைக் கற்களை வாலால் விலக்கிக் குழி செய்து முட்டையிடும். 10 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு பொரியும். அதுவரை கற்களினூடே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். சேறு மூடினால் முட்டை அழியும்.

பட்டாதாரரின் குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு உஷ்ணமானியை அமிழ்த்திப் பார்த்தோம். 29 டிகிரி காட்டிற்று. "சித்திரையில் எவ்வளவாகும்?" என்று அவரே கேட்டார். அடகு யோசனையை அன்றே கைவிட்டார்.

நமது தாழ்நிலத்திற்கு ஏற்றவை கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டை இனங்களே. கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிருகால் அடியிலும் இரை தேடுமாதலால் மூன்றையும் ஒருங்கே விடலாம். குளத்தில் நீர் எத்தனை மாதம் நிற்கும் என்பதை முதலில் கணக்கிட்டு, தருமபுரி மீன்வளத் துறையினரிடம் விசாரித்த பின்னரே குஞ்சு வாங்குக. பொதுக்குளமாயின் மீன்பாசிக் குத்தகை பெறாமல் எவரும் குஞ்சு விடாதபடி கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.