ஸ்கேனை நிறுத்திவிடாதீர்கள்!

நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில், "கண்டம் கழிந்தது" என்று நிம்மதி வருவது இயல்பு. ஆனால் பரிசோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது, சகோதரிகளே!

என் கணவரின் அண்ணா, "அஞ்சு வருஷம் ஆச்சு, இனிமே ஸ்கேன் எதுக்கு? வீண் செலவு" என்றார். ஓரகத்திதான் பிடிவாதமாக அழைத்துப் போனார். மறுபக்க நுரையீரலில் சுண்டைக்காய் அளவில் புதுக் கட்டி! சிறியதாக இருந்ததால் ரேடியேஷன் கொடுக்க முடிந்தது.

"பழைய நோய் திரும்புவது வேறு, புதிதாக ஒன்று முளைப்பது வேறு" என்றார் டாக்டர். சிகரெட் புகை நுரையீரல் முழுவதும்தானே பட்டிருக்கிறது? ஒரு பகுதியை எடுத்தாலும் மீதி அப்படியே இருக்கிறதே! ஆண்டுதோறும் 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படிப் புதுக் கட்டி வரலாம். பழைய நோய் திரும்பும் பயம் வருஷம் போகப் போகக் குறையும், இது குறைவதில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை:

* முதல் 2, 3 ஆண்டுகள் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் சி.டி. ஸ்கேன். உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கே முக்கியம்.
* பீடி, சிகரெட் அறவே கூடாது. வீட்டில் வேறு யாரும் புகைக்கவும் கூடாது.
* விடாத இருமல், சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், காரணமில்லாத இளைப்பு தெரிந்தால் அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம்.

பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே ஸ்கேன் தேதியையும் குறித்து வையுங்கள்!