கூண்டுக் குரங்கும் நமது அறிவுவேட்கையும்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் முதியோர் ‘உயிர் காலேஜ்’ என்னும் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். சென்ட்ரல் நிலையத்தை அடுத்து, மூர் மார்க்கெட் அருகே இருந்த மிருகக்காட்சிசாலைக்கு மக்கள் இட்ட பெயர் அது. எழும்பூர் அருங்காட்சியகமோ ‘செத்த காலேஜ்’. 1985-இல் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்கு மாறியபொழுது, நெருக்கமான கூண்டுகளுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த திறந்தவெளி அடைப்புகள் அமைந்தன. அடைபட்ட விலங்குக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்? இவ்வினா ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் கூர்மையாக எழுகின்றது.

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்னும் உளவியலறிஞர், ரீசஸ் குரங்குக் குட்டிகளைப் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயினின்று பிரித்தார். கம்பியாலான செயற்கைத் தாய் ஒன்று. துணி போர்த்தியது மற்றொன்று. கம்பித் தாயிடம் பால் கிடைத்தபோதும், குட்டிகள் துணித் தாயையே பெரும்பொழுதும் தழுவியிருந்தன. குழவிக்கு உணவு மட்டும் போதாது, அரவணைப்பும் வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று. குழந்தைகளைப் பேணுவோர்க்கு இது பயனுள்ள பாடமே. ஆயினும், பின்னர் நிகழ்ந்த சோதனைகளில் மாதக்கணக்கில் தனிமையில் அடைக்கப்பட்ட குட்டிகள், தம்மைத்தாமே கட்டிக்கொண்டு அசைந்தாடி, தம் இனத்தோடு கூடிவாழும் திறனையே இழந்தன.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. குரங்கு நம்மைப் போன்றதன்று எனில், அச்சோதனை நம்மைக் குறித்து யாதும் உணர்த்தாது. நம்மைப் போன்றதெனில், அதன் வேதனையும் நம் வேதனையைப் போன்றதே. சோதனைக்கு எது நியாயமோ, அதுவே சோதனைக்குத் தடையும் ஆகின்றது.

நமது நாட்டில், சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியின் பயனாக 1960-இல் பிராணிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அது சோதனைகளை முற்றிலும் விலக்கவில்லை. தவிர்க்கக்கூடியவற்றைத் தவிர்க்கவும், சிறு விலங்கு போதுமான இடத்தில் பெரிய விலங்கை விடுவிக்கவும் விதி செய்யத்தக்க மேற்பார்வைக் குழுவுக்கு அது வழிவகுத்தது. 1978-இல் ரீசஸ் குரங்குகளின் ஏற்றுமதியை இந்திய அரசு தடைசெய்தது.

ஆகவே, ஆராய்ச்சியாளர் வரிசையாக மூன்று வினாக்களுக்கு விடைகூற வேண்டும். முதலாவது, விலங்கின்றியே இதை அறியலாகாதா? இரண்டாவது, குறைந்த எண்ணிக்கை போதாதா? மூன்றாவது, துன்பத்தைக் குறைக்கலாகாதா? ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர் 1959-இல் வகுத்த நெறி இது. கூட்டமாய் வாழும் குரங்குகளை, கிளைகளும் மறைவிடங்களும் உள்ள அடைப்பில், தீண்டாமல் கவனிப்பதும் ஆராய்ச்சியே. தனிமையில் நலிந்த விலங்கு தன் இனத்தின் இயல்பைக் காட்டாது. தன் நலிவையே காட்டும். ஆதலால் இரக்கம் பல வேளைகளில் அறிவுக்குப் பகையன்று, துணையே. அவ்வாறு இணையாத வேளைகளும் உண்டு. அப்பொழுது, அறியாமலிருக்க ஒப்புக்கொள்வதும் ஒரு கடமையாகும். தன் மிருகத்தின் உயிரைக் கருதுவதை நீதிமானின் அடையாளமாக நீதிமொழிகள் 12:10 கூறுகின்றது. கற்றோருக்கு அதில் விலக்கு ஏதும் அளிக்கப்படவில்லை.