உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சில் ஒரு நட்சத்திரம்

சுங்கை வே தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் ரசாயன டின்களில் இந்தப் படத்தைக் கண்டிருக்கலாம்: சிவப்புக் கரையிட்ட சாய்சதுரம், உள்ளே கறுப்பு மனித உருவம், நெஞ்சில் வெடித்துச் சிதறும் வெள்ளை நட்சத்திரம். பக்கத்தில் ‘போலே மெஞெபாப்கான் கான்செர்’, அதாவது புற்றுநோய் உண்டாக்கலாம் என்றும் இருந்தால் அது 1ஏ அல்லது 1பி பிரிவு. மனிதரிடமே சான்று கிடைத்தது 1ஏ. பெரும்பாலும் விலங்குச் சோதனையை வைத்து முடிவானது 1பி. வெறும் சந்தேகம் என்றால் 2. மலேசியாவில் 2013 முதல் ரசாயனங்களை இப்படி வகைப்படுத்தி லேபிளிடுவதற்கென்றே ஒழுங்குவிதி உண்டு.

லேபிள் பிரிவுகளைப் போலவே, பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் (ஐஏஆர்சி) சான்றை வைத்துக் குழு பிரிக்கிறது. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் டிரைகுளோரோஎத்திலீனை அது 1995இல் 2ஏ குழுவில் (புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்) வைத்தது. சிறுநீரகப் புற்றுநோய்க்கான சான்று வலுத்ததும், 2012இல் முதல் குழுவுக்கு (உண்டாக்குவது உறுதி) ஏற்றியது. சரக்கு அதேதான், சான்றுதான் கூடியது.

ஆக, குழு எண் சான்றின் பலத்தைச் சொல்கிறதே தவிர ஆபத்தின் அளவை அல்ல. நம் தாம்பாளத்துக் கொட்டைப் பாக்கும் சிகரெட் புகையும் ஒரே முதல் குழுதான். 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் பானம் 2ஏ. மாமாக் கடை தே தாரிக்? ஆற்றத்தானே அப்படி இழுக்கிறார்கள்!