உப்புக்கு ஒரு மனு

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றனர் நம் முன்னோர். சோற்றில் உப்பிட்டவரை நினைக்கிறோம். அவ்வுப்பை விளைத்தவரை நினைப்பார் யார்? புத்தளம் களப்போரத்தில் ஆசிரியனாய்ப் பல்லாண்டு வாழ்ந்த எனக்கே இக்கேள்வி 2025ஆம் ஆண்டில்தான் உறைத்தது.

அவ்வாண்டு இலங்கையில் உப்புக்குப் பஞ்சம் வந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் உப்பில்லையா என்று நகைத்தவர் பலர். ஆனால், கடல் மட்டும் இருந்தால் உப்பு விளையாது; வெயிலும் வேண்டும். பருவம் தப்பிய மழை பாத்திகளைக் கரைத்துவிட்டது. ஆண்டு பிறக்கும் வேளையிலேயே 30,000 மெற்றிக் தொன் வரை வெளியிலிருந்து தருவிக்க அரசாங்கம் இசைந்தது. மே மாதத்திலும் இறக்குமதிக்கு வழி திறந்தது. உப்பின்றி மக்கள் உண்ண இயலாது. ஆதலால் அச்செயலைக் குறை கூற நான் துணியேன்.

அந்நாட்களில் ஒரு மாலை, சிறு உப்பளக்காரர் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றனர். அவர்களுள் மூத்தவர் என் பழைய மாணவன் ஒருவனின் தந்தை. நான் அவரைக் காக்கா என்றே அழைப்பது வழக்கம். “ஏழைகளாகிய எங்கள்மீது தயைகூர்ந்து” என்று முறைப்படி தொடங்கி வாசித்தேன். அவர் கை உயர்த்தித் தடுத்தார்.

“மாஸ்டர், ஏழை என்ற சொல்ல வெட்டுங்க. நாங்க பிச்சை கேக்க வரல்ல. எங்கட உப்பு வாற நேரத்துல வெளி உப்ப இறக்கவேணாம் என்டு எழுதுங்க.”

வெட்டினேன். பிறகு, அறியாத தொழிலைப் பற்றி எழுதுவது முறையன்று என்று தோன்றவே, மறுநாள் காலை அவருடைய அளத்துக்குச் சென்றேன்.

களப்பு நீரை முதலிற் பெரிய தேக்கங்களில் விடுகிறார்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பே உண்டு. வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, அது தேக்கத்துக்குத் தேக்கம் தடித்துக்கொண்டே போகும். முதலில் சுண்ணமும் பின்னர் ஜிப்சமும் படியும். போமே மானியில் 25 பாகையை எட்டும் வேளையில் பாத்திக்கு மாற்றினால், உப்புப் பூக்கத் தொடங்கும். கசப்பு நீரைக் காலத்தில் வடித்துவிடவேண்டும். இல்லையேல் உப்பும் கசக்கும். இத்தனைக்கும் மேலே ஒரு கரிய முகில் வந்து நின்றால், வாரக்கணக்கான உழைப்பு ஒரு பொழுதிற் கரைந்துபோம்.

மழைக்கு மனுக் கொடுக்க முடியாது. ஆனால் மனிதர் செய்யும் சட்டத்துக்குக் கொடுக்கலாம் அல்லவா? உப்பின் வரலாறே சட்டத்தின் வரலாறுதான். தமிழ் புளூட்டாக் எழுதிய கற்பிட்டி சைமன் காசிச்செட்டியின் பிறப்பிடமாக இலக்கிய அன்பர்கள் அறிந்துள்ள இக்கரை, ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்துக்கு உப்பூட்டிய கரையுமாகும். கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் உப்பை அரசியற் கருவியாக்கினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில், கண்டி மக்கள் உப்பு எடுத்துச்செல்வதற்கென்றே ஒரு விதி வேண்டியிருந்தது. பின்வந்த ஆங்கிலேயர் அதனைத் தம் ஏகபோகமாக்கினர். கடலுக்கு அப்பால், 1930இல், ராஜாஜியின் தலைமையில் வேதாரணியத்தில் மக்கள் உப்பள்ளியதும் ஒரு சட்டத்தை எதிர்த்தேயன்றோ?

எங்கள் மனு போராட்டம் அன்று. மூன்று வேண்டுகோள்களே அதில் இருந்தன. முதலாவது, இறக்குமதிக்கு அனுமதி தருமுன் அறுவடைக் காலத்தைப் பார்க்கவேண்டும்; பஞ்ச காலத்தில் அனுப்பச்சொன்ன உப்பு, விளைச்சற் காலத்தில் வந்திறங்கினால் சிறியவனின் விலை வீழும். இரண்டாவது, பண்டகசாலையில் வைத்த உப்பின் பேரில் கடன் வேண்டும். கூலி கொடுக்கப் பணமில்லாதவன், களத்துமேட்டிலேயே வந்த விலைக்கு விற்றுவிடுகிறான். மூன்றாவது, 1995 முதல் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். அது நல்ல சட்டம். ஆயினும் அதற்குரிய இயந்திரத்தைத் தனியொருவன் வாங்க இயலாது. பலரும் பயன்படுத்தும் பொதுநிலையம் ஒன்று வேண்டும்.

மலிவான உப்பு எங்கிருந்து வந்தால் என்ன என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். காக்காவிடமே கேட்டேன். அவர் பக்கத்து அளத்தைக் காட்டினார். கைவிடப்பட்ட பாத்தியின் தரை இளகி, புல் முளைத்திருந்தது. அதை மீண்டும் மிதித்து இறுக்கப் பொருளும் உழைப்பும் வேண்டும். இன்று சிறியவன் பாத்தியைக் கைவிட்டால், அடுத்த பஞ்சத்தில் நாம் அவனைத் தேடுவோம், அவன் இரான்.

மனு உரிய இடத்துக்குச் சென்றது. கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. வேறு மறுமொழி இல்லை. நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மனு எழுதக் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்களை ஒன்று வேண்டுகிறேன்: தயை, கருணை, ஏழை என்ற சொற்களை விடுத்து, தம் தொழிலின் கணக்கை நிமிர்ந்து சொல்லவும் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

சென்ற வாரம் காக்கா மீண்டும் வந்தார். பழைய மனுவின் பிரதியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். மடிப்புகளில் உப்பு ஒட்டியிருந்தது. “திகதியை மட்டும் மாத்தித் தாங்க மாஸ்டர்” என்றார்.

மாற்றிக் கொடுத்தேன்.