கடவுச்சீட்டில் ஆறு மாதம் இருக்கிறதா?

உம்றாவுக்குப் பெயர் கொடுக்கும்போதும், பாடசாலை விடுமுறையில் வெளிநாடு போகத் திட்டமிடும்போதும் எம்மில் பலர் முதலில் கேட்பது பெக்கேஜ் எவ்வளவு என்பதைத்தான். கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும், "இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறதே, போதும்" என்று மூடி வைத்துவிடுகிறோம். அது போதாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பல நாடுகள் நாம் அங்கு நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என நம்மவர்கள் அதிகம் போகும் நாடுகள் இதில் அடங்கும். இந்திய இ-வீசாவுக்கும் இதே விதிதான். கூடவே இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு. அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மீதமிருக்க வேண்டும். பிரித்தானியாவுக்கு, தங்கியிருக்கும் காலம் முழுவதும் செல்லுபடியானால் போதும்.

ஏன் இந்த விதி? போன இடத்தில் ஒருவர் நோயுற்றோ வேறு காரணத்தாலோ தங்க நேர்ந்து, அதற்குள் கடவுச்சீட்டு முடிந்துவிட்டால் அவரைத் திருப்பி அனுப்புவது அந்த நாட்டுக்குச் சிக்கலாகிவிடும். அதற்கான முன்னெச்சரிக்கையே இது.

ஓர் உதாரணம். உங்கள் கடவுச்சீட்டு ஆகஸ்ட் 10இல் முடிகிறது. மார்ச் 1இல் மலேசியா போகிறீர்கள். செப்டெம்பர் 1 வரை செல்லுபடியாக வேண்டும். ஆகவே போக முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. மலேசியாவில் படிக்கும் மகனைப் பார்க்க எல்லோருமாகக் கட்டுநாயக்க போனார்கள். வாப்பாவின் கடவுச்சீட்டில் ஐந்து மாதமும் சில நாட்களுமே மீதம். உம்மாவும் பிள்ளைகளும் விமானம் ஏற, அவர் மட்டும் பெட்டியோடு ஊர் திரும்பினார். டிக்கெட் பணமும் கிடைக்கவில்லை. டிக்கெட் எடுத்துக்கொடுத்த முகவரிடம் கடவுச்சீட்டின் பிரதி இருந்தது. அவரும் திகதியைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் கவுண்டரில் இருப்பவரோடு வாதாடிப் பயனில்லை. போன நாட்டில் அனுமதி மறுக்கப்பட்டால் பயணியைத் திருப்பிக் கொண்டுவருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு, அபராதமும் விழலாம். அதனால்தான் அவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

எனவே சில விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, முற்பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலுள்ள எல்லோருடைய கடவுச்சீட்டையும் எடுத்துப் பாருங்கள். சிறுபிள்ளைகளுக்கு மூன்று வருடக் கடவுச்சீட்டு எடுத்திருந்தால் அது பெரியவர்களுடையதற்கு முன்பே முடிந்துவிடும்.

இரண்டாவது, புதிய கடவுச்சீட்டை எடுத்த பிறகே வீசாவுக்கு விண்ணப்பியுங்கள். இலத்திரனியல் வீசா கடவுச்சீட்டு இலக்கத்தோடு இணைக்கப்படுகிறது. இலக்கம் மாறினால் வீசாவிலும் பிரச்சினை வரும். பழைய கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட வீசா இன்னும் செல்லுபடியானால், அதையும் கையில் வைத்திருங்கள்.

மூன்றாவது, கிழிந்த, நனைந்த, பக்கம் கழன்ற கடவுச்சீட்டும் மறுக்கப்படலாம்.

நான்காவது, கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். 2024இல் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். ஒருநாள் சேவை இருந்தாலும் அதற்குக் கட்டணம் கூடுதல். கண்டி, மாத்தறை, வவுனியா, குருநாகல் அலுவலகங்களிலும் விண்ணப்பிக்கலாம்.

விதிகள் மாறக்கூடியவை. போகும் நாட்டின் தூதரக இணையத்தளத்திலோ விமான நிறுவனத்திடமோ கேட்டு உறுதிசெய்வதே பாதுகாப்பு. ஹஜ், உம்றா முகவர்களும் முற்பணம் வாங்கும் அன்றே திகதியைப் பார்த்துச் சொல்வதை வழக்கமாக்க வேண்டும். வருடக்கணக்கில் காசு சேர்த்துப் புறப்படும் ஒரு மூத்தவரை விமான நிலைய வாசலில் திருப்பி அனுப்பும் நிலை, இரண்டு நிமிடப் பார்வையில் தவிர்க்கக்கூடியது.